வீட்டுச் சாமான் கணக்கு: விலையை இரண்டு தடவை வகுக்க வேண்டும்

"மாசச் சாமானை மொத்தமா எடுத்தா லாபம்." "பெரிய பாக்கெட்டுதான் மலிவு." "சந்தைக்குப் போனா பாதி விலை." கன்னியாகுமரி மாவட்டத்தில், நாகர்கோவிலிலும் மார்த்தாண்டத்திலும் எந்த வீட்டில் பேச்சு எடுத்தாலும் இந்த மூன்றும் வந்துவிடும். மூன்றுமே சில நேரம் சரி, சில நேரம் தவறு. எப்போது சரி என்று கண்டுபிடிக்கும் வழி தெரியாததால்தான் சந்தைக்கும் போய், தள்ளுபடியிலும் வாங்கி, மாதக் கடைசியில் கையில் ஒன்றும் மிஞ்சாமல் பல வீடுகள் திகைக்கின்றன.

வழி எளிது. பள்ளிக்கூடத்தில் படித்த வகுத்தல் போதும். ஆனால் ஒரு தடவை வகுத்தால் போதாது, இரண்டு தடவை வகுக்க வேண்டும். முதலில் எடையால், அப்புறம் அந்த எடையில் கழிவு போக எவ்வளவு சாப்பாட்டு இலையில் விழுகிறதோ அந்த அளவால். இதில் வரும் விலைகள் எல்லாம் கணக்கு புரிவதற்காக எடுத்துக்கொண்டவை. உங்கள் கடையில் இன்று என்ன விலையோ அதை அந்த இடத்தில் போட்டுக்கொள்ளுங்கள்.

## பாக்கெட்டும் ஒரு கூறுதான்

மீன் சந்தையில் ஒரு அம்மா சாளையைக் கூறு போட்டு வைத்திருக்கிறார், கூறு 100 ரூபாய். பக்கத்தில் இன்னொருவர் தராசில் நிறுத்து, கிலோ 160 ரூபாய்க்குக் கொடுக்கிறார். எது மலிவு? கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. மீனைப் பரப்பி வைத்தால் கூறு பெரிதாகத் தெரியும், குவித்து வைத்தால் சிறிதாகத் தெரியும். அந்தக் கூறு 550 கிராம் இருந்தால் கிலோவுக்கு 182 ரூபாய் ஆகிறது. தராசு மீன் மலிவு. அதே கூறு 700 கிராம் இருந்தால் கிலோ 143 ரூபாய், கூறு மலிவு.

மீன் சந்தையில் எல்லோரும் இந்தக் கவனத்தோடுதான் நிற்பார்கள். பலசரக்குக் கடைக்குள் நுழைந்ததும் அந்தக் கவனம் போய்விடுகிறது, ஏனென்றால் பாக்கெட்டில் அளவு அச்சிடப்பட்டிருக்கிறது. ஆனால் பாக்கெட்டும் கம்பெனி போட்ட ஒரு கூறுதான். எவ்வளவு போட வேண்டும், எவ்வளவு பெரிதாகத் தெரிய வேண்டும் என்பதை விற்பவரே முடிவு செய்கிறார். முன்பு பிஸ்கட், தேயிலை, எண்ணெய் போன்ற சில பொருள்களை இன்னின்ன எடையில்தான் அடைக்க வேண்டும் என்று விதி இருந்தது. 2021இல் பொட்டலப் பொருள் விதிகளைத் திருத்தியபோது அந்தக் கட்டுப்பாடு எடுக்கப்பட்டது. ஒரு கிலோ இருக்கும் என்று நினைத்து எடுக்கும் பாக்கெட்டில் 900 கிராமும், ஒரு லிட்டர் என்று நினைத்ததில் 850 மில்லியும் இருப்பதற்கு இடம் இப்படித்தான் வந்தது. விலை அப்படியே இருக்க, உள்ளே இருப்பது குறைந்தால் அதுவும் விலையேற்றம்தான்.

## முதல் வகுத்தல்: அலகு விலை

ஒரு கிலோவுக்கோ, ஒரு லிட்டருக்கோ, 100 கிராமுக்கோ என்ன விலை ஆகிறது என்பதுதான் அலகு விலை. இரண்டு பொருளையும் ஒரே அளவுக்குக் கொண்டுவந்து பார்ப்பது, அவ்வளவுதான்.

தேயிலையை எடுத்துக்கொள்வோம். 100 கிராம் 38 ரூபாய், 250 கிராம் 90 ரூபாய், 500 கிராம் 185 ரூபாய். 100 கிராமுக்கு மாற்றினால் முறையே 38, 36, 37. நடுப் பாக்கெட்டுதான் மலிவு. பெரிய பாக்கெட்டு எப்போதும் மலிவு என்று கண்ணை மூடி எடுப்பவர் 500 கிராமுக்கு 5 ரூபாய் கூடுதலாகக் கொடுக்கிறார். 250 கிராம் பாக்கெட்டு இரண்டு எடுத்திருந்தால் 180தான்.

கடையில் நின்றுகொண்டு மனக்கணக்காகப் போடச் சில குறுக்குவழிகள் உண்டு. 200 கிராம் என்றால் விலையைப் பாதியாக்குங்கள், 400 என்றால் நாலால் வகுங்கள், 500 என்றால் ஐந்தால். 100 கிராம் விலை வந்துவிடும். 250 கிராமை நாலால் பெருக்கினால் கிலோ விலை. 750 கிராமை மூன்றால் வகுத்து நாலால் பெருக்கினால் கிலோ விலை.

கணக்குப் போடவே தேவையில்லாத ஒரு வழியும் இருக்கிறது, பலர் கவனிப்பதில்லை. மேலே சொன்ன அதே 2021 திருத்தம், பாக்கெட்டில் அலகு விலையையும் அச்சிட வேண்டும் என்று கொண்டுவந்தது. அதிகபட்சச் சில்லறை விலைக்குப் பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கும். ஒரு கிலோவுக்குக் குறைந்த பாக்கெட்டில் கிராமுக்கு எவ்வளவு என்றும், அதற்கு மேற்பட்டதில் கிலோவுக்கு எவ்வளவு என்றும் போட்டிருப்பார்கள். ஒன்றில் "0.38 ஒரு கிராமுக்கு", மற்றொன்றில் "365 ஒரு கிலோவுக்கு" என்று இருந்தால் குழம்ப வேண்டாம். 0.38ஐ ஆயிரத்தால் பெருக்கினால் 380. ஒப்பிட்டாயிற்று.

ஆனால் அந்த அச்சு, அதிகபட்சச் சில்லறை விலையை வைத்துப் போட்ட கணக்கு. அதிகபட்சச் சில்லறை விலை என்பது எல்லா வரியும் சேர்த்து அதற்கு மேல் விற்கக் கூடாது என்ற உச்சவரம்பு. அதற்குக் கீழே எவ்வளவுக்கு வேண்டுமானாலும் விற்கலாம். ஆகவே "அச்சிட்ட விலையில் பத்து சதவீதம் தள்ளுபடி" என்ற அட்டை தன்னளவில் எதையும் சொல்வதில்லை. ஒரு கம்பெனி மல்லித்தூளில் 200 கிராமுக்கு 80 ரூபாய் அச்சிட்டு 72க்குக் கொடுக்கிறது. இன்னொன்று 68 அச்சிட்டு 68க்கே கொடுக்கிறது. தள்ளுபடி முதலாவதில், மலிவு இரண்டாவதில். "ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம்" என்றாலும் இதே கேள்விதான்: இரண்டு பாக்கெட்டின் மொத்த எடைக்குக் கிலோ என்ன விலை?

## லிட்டரும் கிலோவும் ஒன்றில்லை

தேங்காய் எண்ணெய் இல்லாமல் அடுப்பு பற்றாத மாவட்டம் இது. அதனால் இந்த ஒரு பிழையைத் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. செக்கில் பெரும்பாலும் கிலோவில் நிறுத்துத் தருவார்கள். பாக்கெட்டு லிட்டரில் வரும். இரண்டையும் ஒன்றாக நினைத்து விலையை ஒப்பிடுகிறார்கள்.

தேங்காய் எண்ணெய் தண்ணீரைவிட இலேசானது. ஒரு லிட்டர் எண்ணெய் ஏறக்குறைய 915 கிராம்தான் எடை வரும். அப்படியானால் ஒரு கிலோ எண்ணெயில் ஒரு லிட்டரும் அதற்கு மேல் 90 மில்லிக்குக் கிட்டவும் இருக்கும். செக்கில் கிலோ 400 ரூபாய், பாக்கெட்டு லிட்டர் 380 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். பாக்கெட்டு 20 ரூபாய் குறைவு போலத் தெரியும். கிலோ விலையை 0.915ஆல் பெருக்குங்கள்: செக்கு எண்ணெய் லிட்டருக்கு 366 ரூபாய்தான். 14 ரூபாய் மிச்சம் செக்கில்.

நல்லெண்ணெய், கடலை எண்ணெய், பாமாயில் எல்லாமே தண்ணீரைவிட இலேசு, 0.91, 0.92 என்ற இந்தக் கணக்கு அவற்றுக்கும் பொருந்தும்.

இதுவரை பார்த்தது: பாக்கெட்டு விலையை எடையால் வகுத்தால் அலகு விலை. தள்ளுபடியையும் இலவசத்தையும் அலகு விலையாக மாற்றிய பிறகே ஒப்பிட வேண்டும். எண்ணெயில் லிட்டரை லிட்டரோடும் கிலோவைக் கிலோவோடும் மட்டும் ஒப்பிட வேண்டும்.

## தராசைப் பார்த்து நில்லுங்கள்

எடை தவறினால் மேலே போட்ட கணக்கு முழுவதும் தவறும். பொருளை வைப்பதற்கு முன்னால் மின்னணுத் தராசு பூஜ்யம் காட்டுகிறதா என்று பாருங்கள். தட்டு, கூடை, பை வைத்து நிறுத்தால் அதன் எடையைக் கழிக்கச் சொல்லுங்கள். தராசில் சரிபார்ப்பு முத்திரை இருக்க வேண்டும். மின்னணுத் தராசை ஆண்டுக்கு ஒரு தடவை மறுபடி முத்திரையிட வேண்டும். தமிழ்நாட்டில் இதைப் பார்ப்பது தொழிலாளர் துறை. சந்தேகம் வந்தால் அச்சடித்த பாக்கெட்டு ஒன்றை, ஒரு கிலோ உப்புப் பாக்கெட்டை, அந்தத் தராசிலேயே வைத்துப் பார்க்கச் சொல்லலாம். சண்டை போடாமல் தெரிந்துவிடும்.

## இரண்டாவது வகுத்தல்: இலை விலை

அலகு விலையோடு நிற்பவர்கள்தான் அதிகம். பணம் உண்மையில் போகிற இடம் இனிமேல்தான் வருகிறது.

கோழிக்கடையில் இரண்டு விலை எழுதியிருக்கும்: உயிரோடு கிலோ 130, கறி கிலோ 200. உயிர்க்கோழி 70 ரூபாய் குறைவு என்று யாரும் சொல்வதில்லை. இறகு, தோல், குடல் எல்லாம் போகும் என்று எல்லோருக்கும் தெரியும். தோல் உரித்த பிராய்லரில் உயிர் எடையில் ஏறக்குறைய 65 சதவீதம்தான் கறியாக நிற்கும். 130ஐ 0.65ஆல் வகுத்தால் 200. இரண்டும் ஒரே விலைதான். உயிர்க்கோழி 120க்கு இறங்கினால் கறி 185க்குக் கிட்ட வரும். அன்றைக்கு உயிரோடு நிறுத்து வாங்குவது லாபம்.

கோழியில் தன்னால் போடும் இந்தக் கணக்கைக் காய்கறிக்கும் மீனுக்கும் போட்டால் அதற்குப் பெயர் இலை விலை. கழிவும் கெடுவதும் போக, இலையில் விழும் ஒரு கிலோவுக்கு நாம் கொடுத்த விலை. அலகு விலையை, மிஞ்சும் பங்கால் வகுக்க வேண்டும்.

சாளையில் தலை, குடல், செதில் எடுத்தால் கிலோவுக்கு 600 முதல் 650 கிராம் நிற்கும். கிலோ 160 என்றால் இலை விலை சுமார் 255 ரூபாய். தலையோடும் ஓட்டோடும் உள்ள இறாலில் பாதிதான் நிற்கும், சில நேரம் அதற்கும் குறைவு. முழு இறால் கிலோ 400 என்றால் இலை விலை 800. அதே கடையில் உரித்த இறாலை 700க்கு வைத்திருந்தால் 'எம்மாடி, 700ஆ' என்று விலகி வந்து முழு இறாலை வாங்குபவர் கிலோவுக்கு 100 ரூபாய் கூடுதலாகக் கொடுத்து, ஒரு மணி நேரம் உட்கார்ந்து உரிக்கவும் செய்கிறார். ஒன்று மட்டும் கவனிக்க வேண்டும்: உரித்த இறாலில் பழையது தெரியாது. அழுத்தினால் திரும்பி எழும்ப வேண்டும், கைக்கு வழவழ என்று இருக்கக் கூடாது, தண்ணீரில் ஊறவைத்து எடை ஏற்றியிருக்கக் கூடாது. இதெல்லாம் சரியாக இருந்தால் தயங்காமல் உரித்ததை வாங்குங்கள்.

நெய்மீன் துண்டில் கழிவு மிகக் குறைவு, நடுமுள் மட்டும்தான். அதனால் அதன் அலகு விலைக்கும் இலை விலைக்கும் அதிக தூரம் இல்லை. இருந்தாலும் சாளையின் இலை விலை நெய்மீனுக்குப் பக்கத்தில்கூட வராது. சத்தில் சாளை ஒருபடியும் குறைந்ததில்லை. விருந்தாளி வரும் நாளுக்கு நெய்மீனை வைத்துக்கொண்டு மற்ற நாளில் சாளை, அயிலை, நெத்திலி என்று போவது, இந்தக் கடற்கரையில் மீன் செலவைக் குறைக்கும் நேர்வழி. நெத்திலியில் குடலையும் தலையையும் தவிர ஒன்றும் போகாது, முள்ளும் வாய்க்குள் போய்விடும்.

தேங்காய்க்கு வருவோம். தொண்டு (மட்டை) உரித்த முற்றிய தேங்காயில் ஏறக்குறைய பாதி எடைதான் பருப்பு. மீதி சிரட்டையும் தண்ணீரும். கிலோ 60 ரூபாய் என்றால் துருவியது கிலோ 120. இளசாக இருந்தால் தண்ணீர் கூடும், பருப்பு குறையும், துருவலில் பாலும் இறங்காது. கையில் எடுத்துக் குலுக்குங்கள். தண்ணீர் தளதள என்று சத்தம் கேட்டால் முற்றியது. தண்ணீர் முட்டி நின்று சத்தமே இல்லாமல் கனமாக இருந்தால் இளசு. கண்ணில் ஈரமோ பூசணமோ தெரிந்தால் வைத்துவிடுங்கள். உடைத்த பிறகு கண் இருக்கும் முறியை முதலில் எடுத்துத் துருவுங்கள், அதுதான் சீக்கிரம் கெடும்.

மரச்சீனிக் (மரவள்ளிக்) கிழங்கில் தோல் ஐந்தில் ஒரு பங்கு போகும். கிலோ 30 என்றால் இலை விலை 37 ரூபாய் 50 பைசா. அது பெரிய இழப்பில்லை. பெரிய இழப்பு அதை வைத்திருப்பதில். பிடுங்கிய இரண்டு மூன்று நாளில் உள்ளே நீலக் கோடு ஓடத் தொடங்கும், அப்புறம் அவித்தால் வேகாது, கசக்கும். வாங்கும்போது ஒரு கிழங்கின் நுனியை ஒடித்துக் காட்டச் சொல்லுங்கள். வெள்ளையாக இருக்க வேண்டும். கிலோவுக்கு 5 ரூபாய் குறைக்கிறார்கள் என்று 5 கிலோ தூக்கி வந்து 2 கிலோவைக் குப்பையில் போட்டால் கிழங்கின் விலை எங்கேயோ போய்விடும்.

## கழிவைக் குறைத்தால் விலையே குறையும்

இலை விலையைக் குறைக்க மலிவுக் கடை தேட வேண்டும் என்றில்லை. மிஞ்சும் பங்கைக் கூட்டினாலும் போதும். நம் பக்கத்துச் சமையலில் இதற்கு ஏற்கெனவே வழி இருக்கிறது. ஏத்தங்காய் (நேந்திரங்காய்) தோலைப் பொடியாக நறுக்கி, மோர் கலந்த தண்ணீரில் கறை போக ஊறவைத்து, சிறுபயறு சேர்த்துத் துவரன் வைக்கிறோம். சக்கை, அதாவது பலாச் சுளையைப் போலவே கொட்டையும் கூட்டுக்கும் அவியலுக்கும் ஆகும். பெரிய மீன் வாங்கினால் தலைக்கும் சேர்த்துத்தான் எடை போடுகிறார்கள். அதை வாங்காமல் விட்டுவந்தால் காசு கடையிலேயே நிற்கிறது, கொண்டுவந்து புளிக்கறி வைத்தால் அது ஒரு நேரக் கறி. முருங்கைக்கீரை, தண்டங்கீரையின் தண்டு, பூசணிக்காயின் தோல்கூட இந்தக் கணக்கில்தான் வரும்.

சில பொருள்களில் இலை விலை தலைகீழாக ஓடும். வாங்கிய எடையைவிட இலையில் விழும் எடை கூடும். ஒரு கிலோ புழுங்கலரிசியும் கால் கிலோ உளுந்தும் ஊறவைத்து அரைத்தால் ஏறக்குறைய மூன்று கிலோ மாவு காணும். அரிசி 45, உளுந்து 35 என்று 80 ரூபாய் பிடித்தால் மாவு கிலோ 27 ரூபாய்க்குள். கடையில் பாக்கெட்டு மாவு என்ன விலை என்று நீங்களே பாருங்கள். ரேஷன் கடையின் விலையில்லாப் புழுங்கலரிசியை இட்லிக்குப் போட்டால் இன்னும் இறங்கும். அதே கடையில் சிறப்புத் திட்டத்தில் துவரம்பருப்பு கிலோ 30, பாமாயில் லிட்டர் 25 ரூபாய் என்று கொடுப்பதை வாங்காமல் விடுகிற வீடு, மாதத்தின் மிக எளிதான மிச்சத்தை விட்டுவிடுகிறது.

சோற்றரிசியில் 'சோறு காணும்' என்று சொல்வதும் இலை விலைதான். பழைய அரிசி அதிகத் தண்ணீர் குடித்து அதிகம் பொங்கும். புது அரிசி குழையும், சோறு குறையும். கன்னிப்பூ, கும்பப்பூ என்ற இரண்டு நெல் போகத்தின் அறுவடை முடிந்தும் புது அரிசி கடைக்கு வரும்போது விலை சற்றுக் குறைவாக இருக்கலாம். இரண்டிலும் ஒரே டம்ளர் எடுத்துத் தனித்தனியாக வடித்து, சோற்றை நிறுத்துப் பாருங்கள். எது உண்மையில் மலிவு என்று அன்றைக்கே தெரியும்.

சுருக்கமாக: அலகு விலையை, இலையில் விழும் பங்கால் வகுத்தால் இலை விலை. கோழி 0.65, சாளை 0.62, முழு இறால் 0.5, உரித்த தேங்காய் 0.5, மரச்சீனி 0.8 என்று தோராயமாக வைத்துக்கொள்ளலாம். சமையலறைத் தராசு ஒன்று வைத்து வாங்கியதையும் நறுக்கியதையும் இரண்டு மூன்று தடவை நிறுத்தால் உங்கள் வீட்டு எண்களே கிடைக்கும்.

## குலையாக வாங்கலாமா, சீப்பாக வாங்கலாமா?

மொத்தமாக வாங்குவது லாபமா என்பதற்கு ஆமாம், இல்லை என்று பதில் சொல்ல முடியாது. ஆனால் ஒரு எல்லை சொல்ல முடியும். எவ்வளவு வீணானால் லாபம் நட்டமாக மாறும் என்பதுதான் அந்த எல்லை. இதைத் தாங்கும் எல்லை என்று வைத்துக்கொள்வோம். கணக்கு இது: சில்லறை விலையிலிருந்து மொத்த விலையைக் கழியுங்கள், வந்ததைச் சில்லறை விலையால் வகுங்கள்.

ரசகதலி வாழைப்பழம் சீப்பாக வாங்கினால் கிலோ 55, குலையாக வாங்கினால் கிலோ 40 என்று வைப்போம். வித்தியாசம் 15. அதை 55ஆல் வகுத்தால் 27 சதவீதம். 8 கிலோக் குலையில் 2 கிலோ 200 கிராமுக்குள் வீணானால் லாபம், அதற்கு மேல் போனால் நட்டம். இப்போது வீட்டைப் பாருங்கள். நாலு பேர் நாளுக்கு அரை கிலோ தின்றாலும், குலை பழுத்து நிற்கும் ஏழெட்டு நாளில் நாலு கிலோதான் தீரும். 320 ரூபாய்க்கு நாலு கிலோ என்றால் கிலோ 80. சீப்புதான் மலிவு. அதே குலையைப் பக்கத்து வீட்டாரோடு பாதி பாதியாகப் பங்கு போட்டால் முழுவதும் தீரும், கிலோ 40 நிற்கும். மட்டி, பேயன், செந்துளுவன் எதற்கும் இதே கணக்கு. குலை எடை போடும்போது நடுத்தண்டின் எடையைக் கழிக்கிறார்களா என்று கேட்க மறக்காதீர்கள். தண்டும் சேர்ந்தால் மேலே போட்ட கணக்கே மாறிவிடும்.

வத்தல்தூளும் (மிளகாய்த்தூளும்) இப்படித்தான். 200 கிராம் 76 ரூபாய், அதாவது கிலோ 380. ஒரு கிலோப் பாக்கெட்டு 320. தாங்கும் எல்லை 60ஐ 380ஆல் வகுத்து 16 சதவீதம். உங்கள் வீட்டில் 200 கிராம் 25 நாள் ஓடினால் ஒரு கிலோ நாலு மாதத்துக்கு மேல் ஓடும். கடைசி 200 கிராம் நிறம் வெளுத்து, கட்டி பிடித்து, கொட்ட வேண்டி வந்தால் வீணானது 20 சதவீதம். 320 ரூபாய்க்கு 800 கிராம், கிலோ 400. சின்னப் பாக்கெட்டைவிடக் கூடுதல்.

## எத்தனை நாளில் தீருகிறது?

மேலே சொன்ன எல்லாக் கணக்குக்கும் ஒரு எண் தேவைப்படுகிறது: ஒரு பொருள் உங்கள் வீட்டில் எத்தனை நாளில் தீருகிறது. இதை யாரும் சொல்லித் தர முடியாது, அளந்துதான் தெரிந்துகொள்ள வேண்டும். புதிய பாக்கெட்டைப் பிரிக்கும்போது அதன்மேல் தேதியைப் பேனாவால் எழுதுங்கள். தீர்ந்த தேதியைச் சமையலறை நாள்காட்டியில் குறியுங்கள். எண்ணெய் 3ஆம் தேதி பிரித்து 21ஆம் தேதி தீர்ந்தால் ஒரு லிட்டருக்கு 18 நாள். முப்பது நாளுக்கு ஒன்றே முக்கால் லிட்டருக்குச் சற்றுக் குறைவு. இரண்டு மாதம் இப்படிக் குறித்தால் அரிசி, எண்ணெய், சர்க்கரை, தேயிலை, உளுந்து, துவரம்பருப்பு, சிறுபயறு, வத்தல், மல்லி, நல்லமிளகு, புளி, சோப்பு என்று அதிகப் பணம் தின்னும் பொருள்களின் கணக்கு கையில் இருக்கும். எல்லாப் பொருளுக்கும் போட வேண்டாம், சலித்துப்போய் விட்டுவிடுவீர்கள்.

அதே நோட்டில் அந்தப் பொருள்களுக்கு மட்டும், கடைசியாக எந்தக் கடையில் என்ன அலகு விலைக்கு வாங்கினீர்கள் என்றும் ஒரு வரி. அடுத்த தடவை தள்ளுபடி அட்டையைப் பார்த்ததும் எதோடு ஒப்பிடுவது என்று தடுமாற வேண்டாம்.

## போய்வரும் செலவு

நாகர்கோவிலில் அப்டா சந்தை, வடசேரிக் கனகமூலம் சந்தை, மேற்கே திங்கள்சந்தை என்று மலிவான இடங்கள் உண்டு. உழவர் சந்தையில் நாளுக்கு நாள் விலை நிர்ணயித்துப் பலகையில் எழுதுகிறார்கள். மொத்த விலையைவிடச் சற்றுக் கூடுதலாகவும் வெளிச்சந்தைச் சில்லறை விலையைவிடக் குறைவாகவும் இருக்கும். வீட்டருகே வாங்கினாலும் அந்தப் பலகை விலை தெரிந்திருந்தால் பேரம் பேச ஒரு பிடி கிடைக்கும்.

ஆனால் 12 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் சந்தைக்கு ஸ்கூட்டரில் போய்வந்தால் 24 கிலோமீட்டர். லிட்டருக்கு 45 ஓடினால் அரை லிட்டருக்குச் சற்று மேல், ஏறக்குறைய 53 ரூபாய். காய் கிலோவுக்கு 10 ரூபாய் மிச்சம் என்றால் ஐந்து கிலோவுக்கு மேல் வாங்கினால்தான் போன காசு திரும்பும். அந்த ஐந்து கிலோவும் கெடுவதற்கு முன் தீர வேண்டும். வேறு வேலையாக அந்தப் பக்கம் போகும் நாளோடு சந்தையைச் சேர்த்துவையுங்கள். பெண்களுக்குச் சாதாரண நகரப் பேருந்தில் கட்டணம் இல்லாததால் அவர்களுக்கு இந்த 53 ரூபாய் இல்லை. கை தாங்கும் சுமைதான் எல்லை.

சாயங்காலம் சந்தை கலையும் நேரத்தில் விலை இறங்கும், உண்மைதான். இறங்கியது வாடியதற்குத்தான். அன்றைக்கு ராத்திரியோ மறுநாள் காலையோ அடுப்பில் ஏறும் என்றால் வாங்குங்கள். வாரத்துக்கு வைக்க என்றால் வேண்டாம்.

## மழையும் தடைக்காலமும்

ஒரே கணக்கு வருடம் முழுக்கப் பொருந்தாது. இந்த மாவட்டத்துக்குத் தென்மேற்கும் வடகிழக்கும் இரண்டு மழையும் உண்டு. ஜூனில் தொடங்கும் ஈரம் டிசம்பர் வரை விட்டுவிட்டு நிற்கும். அந்த மாதங்களில் மாவிலும் ரவையிலும் வண்டு விழும், மல்லியில் பூசணம் பிடிக்கும், தேங்காய் எண்ணெயில் ஈரம் சேர்ந்தால் காறல் வாடை வரும். தாங்கும் எல்லை அப்படியே இருக்கும், வீணாகும் அளவுதான் கூடும். ஆகவே மழைக்காலத்தில் தூளும் மாவும் ஒரு மாதத்துக்கு மேல் வாங்க வேண்டாம். முழு வத்தல், முழு மல்லி, முழுப் பயறு என்றால் பங்குனி வெயிலில் நன்றாகக் காயவைத்து, சூடு ஆறிய பிறகு காற்றுப் புகாத பாத்திரத்தில் அடைத்தால் தாங்கும். சூட்டோடு அடைத்தால் மூடிக்குள் வேர்த்து, காயவைத்த பலன் போய்விடும்.

ஓணத்துக்கு முந்தின வாரங்களில் ஏத்தன் குலையும் காய்கறியும் எல்லை தாண்டிக் கேரளத்துக்குப் போகும், இங்கேயும் விலை ஏறும். உப்பேரிக்கு (சிப்ஸ்) ஏத்தங்காய் வேண்டுமென்றால் அந்த நெருக்கடிக்கு முன்பே வாங்கி வறுத்துவிடலாம், டப்பாவில் நிற்கும்.

மீனுக்கு வேறு நாள்காட்டி. விசைப்படகுகளுக்குக் கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையும், மேற்குக் கடற்கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரையும் 61 நாள் தடை. நம் மாவட்டம் இரண்டிலும் வருகிறது: சின்னமுட்டம் கிழக்குத் தடையில், முட்டமும் குளச்சலும் தேங்காய்ப்பட்டணமும் மேற்குத் தடையில். ஜூன் முதல் இரண்டு வாரம் இரண்டு பக்கமும் விசைப்படகு போகாது, நாட்டுப்படகு மீன் மட்டும்தான், விலை உச்சத்தில் இருக்கும்.

அந்த நாளுக்குக் கருவாடு. நெத்திலிக் கருவாடு கிலோ 400 என்றதும் விலை கூடுதல் போலத் தோன்றும். மூன்றிலிருந்து நாலு கிலோப் பச்சை நெத்திலி காய்ந்தால்தான் ஒரு கிலோக் கருவாடு. பச்சை மீன் கிலோ 150 என்றால் மூன்றரைக் கிலோவுக்கு 525. கருவாடு மலிவு, ஆனால் சரியாகக் காய்ந்திருந்தால் மட்டும். ஈரக் கருவாட்டில் தண்ணீருக்கும் சேர்த்துக் காசு கொடுக்கிறோம். ஒன்றை எடுத்து வளைத்துப் பாருங்கள், நெத்திலி என்றால் படக்கென்று ஒடிய வேண்டும். வளைந்துகொண்டே போனால் ஈரம். மேலே ஒட்டியிருக்கும் உப்பையும் மணலையும் உதறிவிட்டு நிறுக்கச் சொல்லுங்கள். தடை தொடங்கியபின் கருவாடும் விலை ஏறும் என்பதால் மாசி, பங்குனியிலேயே வாங்கிவிடுவது நல்லது. வீட்டுக்குக் கொண்டுவந்ததும் இரண்டு வெயில் காட்டி, ஆறவைத்து, இறுக்கமான மூடியுள்ள பாத்திரத்தில் போட்டு வையுங்கள். மழை தொடங்கியபின் ஒரு வெயில் அடித்தால் எடுத்து மறுபடி காயவைக்க வேண்டும்.